அப்பா பூசிய வார்னிஷ்!

குழந்தைகளே... நாற்காலி, மேஜைக்கு வார்னிஷ் பூசுவதை பார்த்திருப்பீர்கள். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கும், கடைசியில் வார்னிஷ் பூசுவது உண்டு. மரப்பிசினை கரைத்து தயாரித்த, கண்ணாடி போன்ற பூச்சு அது. தூசி, புகை ஓவியத்தில் படியாமல் காக்கும். மங்கிய நிறங்களும் பளிச்சென தெரியும்.

இதோடு தொடர்புடையவர், புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் டர்னர். லண்டனில், 1775ல் பிறந்தார். தந்தை வில்லியம், முடி திருத்துபவர். மகன் வரைந்த படங்களை, கடையில் தொங்க விட்டு விற்றார். அங்கு வந்தவர்கள், சில ஷில்லிங் கொடுத்து வாங்கிச் சென்றனர்.

டர்னர், 14 வயதில், ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1802ல், அந்த அமைப்பின் முழு உறுப்பினர் ஆனார்.

தந்தையோ, கடையை விட்டு, மகனுக்கே உதவியாளர் ஆனார். துணியை சட்டத்தில் இழுத்துக் கட்டுவது அவர் வேலை. முடிந்த படத்துக்கு வார்னிஷ் பூசுவதும் அவரே! தன் படங்களை துவங்குவதும், முடிப்பதும் அப்பா தான் என, டர்னர் வேடிக்கையாக சொல்வார். தந்தை, 1829ல் இறந்த போது, மிகவும் மனம் உடைந்து போனார்.

அகாடமியில் கண்காட்சி திறக்கும் முன், ஓவியர்களுக்கு சில நாட்கள் தரப்படும். சுவரில் மாட்டிய படத்தை சரிபார்த்து, வார்னிஷ் பூசவே அந்த நாட்கள். டர்னரோ, அங்கேயே நின்று, பாதி படத்தை வரைந்து முடிப்பார்.

கடந்த, 1832ல், அவரது சாம்பல் நிற கடல் ஓவியம் அருகில், ஜான் கான்ஸ்டபிள் என்பவரின் பெரிய ஓவியம் இருந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த அப்படத்துக்கு, பளிச்சென்ற சிவப்பில் மெருகேற்றிக் கொண்டிருந்தார் கான்ஸ்டபிள்.

இரண்டையும் மாறி மாறி பார்த்தார் டர்னர். தன் கடலின் நடுவே, நாணயம் அளவில் ஒரே ஒரு சிவப்பு பொட்டு வைத்து போய் விட்டார். அவ்வளவு தான்... எல்லார் கண்ணும், அந்த பொட்டின் மீது சென்றது. கான்ஸ்டபிள் வாடிப் போனார். ஒன்றரை நாளுக்கு பின் வந்த டர்னர், அந்த பொட்டை, நீரில் மிதக்கும் மிதவையாக மாற்றி விட்டார்!

டர்னர், 1851ல் மறைந்தார். தன் ஓவியங்களை நாட்டுக்கே எழுதி வைத்தார். லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் அவற்றை காணலாம். இங்கிலாந்து வங்கி, 2020ல் வெளியிட்ட, 20 பவுண்டு நோட்டிலும் அவர் முகம் உள்ளது.

அந்த புகழுக்கு பின்னே, துணி கட்டி, வார்னிஷ் பூசிய ஓர் அப்பாவின் கைகளும் உள்ளன, குழந்தைகளே!