யாழை மீட்ட அடிகளார்

இயல், இசை, நாடகம் என மூன்றாய் விரிந்தும் ஒன்றாய் நிற்பது தமிழ். எழுத்தும் சொல்லும் கற்க வாரந்தோறும் நம் பாடசாலைக்கு வரும் மாணவச் செல்வங்கள், விழா நாளில் மேடையேறிப் பாடவும் இசைக்கவும் காண்கின்றோம். ஆயினும், இசை என்பது விழாவுக்கு மட்டும் அணியும் அணிகலன். கணிதமும் விஞ்ஞானமுமே வாழ்வுக்கு உதவும் என்று கருதும் பெற்றோரும் நம்மிடையே உளர். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேர்ந்த ஓர் ஆசிரியர், மறைந்துபோன ஓர் இசைக்கருவியைத் தேடித் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 14 ஆண்டுகளைச் செலவிட்டார். அவரே முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலானந்த அடிகளார். அவர் வரலாறு நம் ஐயத்துக்கு நல்ல விடையாகும்.

பிறந்த மண்

ஈழத்தின் கிழக்குக் கரையில், இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவு என்னும் பழம்பதியில், சாமித்தம்பியார், கண்ணம்மையார் ஆகியோரின் மைந்தராக 1892ஆம் ஆண்டில் அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகியம்மன் கோயில் கொண்டருளும் ஊர். ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் அங்கே சடங்கு நிகழும். கண்ணகியின் கதை பாட்டாகப் பாடப்பெறும். மதுரையில் நீதி கேட்ட அந்த மங்கையின் கதை, கடல் கடந்த கீழைக்கரையில் உழவரும் மீனவரும் அறிந்த பாட்டாக வாழ்ந்தது. பின்னாளில் சிலப்பதிகாரத்தையே தம் இசையாய்வுக்கு அடித்தளமாகக் கொண்ட ஒருவர் இத்தகைய ஊரிற் பிறந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

விஞ்ஞான ஆசிரியர்

மயில்வாகனனார் கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். இளமையிலேயே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானமும் பயின்றார். 1916ஆம் ஆண்டில் விஞ்ஞானத் தகைமைச் சான்றிதழும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஒருங்கே அவரை வந்தடைந்தன. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். தாமே பயின்று இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். தமிழா விஞ்ஞானமா என்ற கேள்வி அவருக்கு எழவேயில்லை. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக் காத்தார்.

துறவும் தொண்டும்

1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் எனும் பெயர் பெற்றார். துறவியாயினும் கற்பிக்கும் தொழிலை அவர் துறந்தாரல்லர். ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கல்வியும் ஓரிடத்திற் கிடைக்க வழிசெய்தார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. பகலில் பல்கலைக்கழக மாணவருக்குச் சிலப்பதிகாரம் கற்பித்த பேராசிரியர், மாலை வேளையில் அருகிலுள்ள திருவேட்களத்துக்குச் சென்றார். பிறப்பைக் காரணங்காட்டி ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அதனை விரும்பாதோர் எதிர்த்தனர். அடிகளார் தம் பணியை நிறுத்தவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் கல்வி முன்னேற்றத்திலும் அவருக்கு அக்கறை இருந்தது. 1942இல் கல்முனையில் அரசாங்க உயர் அலுவலராகப் பணியாற்றிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அடிகளாரின் நட்பினால் ஊக்கம் பெற்றுத் தம் சமூகத்தின் கல்விக்கு உழைத்தவர். கல்வி என்னும் செல்வம் எவர் வீட்டு வாசலிலும் தயங்கி நிற்கலாகாது என்பதே அடிகளாரின் கொள்கை.

மறைந்துபோன யாழ்

சங்க காலப் பாணர் கையில் ஒலித்தது யாழ். ஆற்றுப்படை நூல்கள் அதன் உறுப்புகளை விரித்துரைக்கின்றன. தேவார காலத்திலும் அது வாழ்ந்தது. திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இட்டு இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் குலத்தவராகிய அவரையும் அவர் துணைவியாரையும், அந்தணராகிய திருநீலநக்க நாயனார் தம் இல்லத்தில் வேள்வித்தீயின் அருகே தங்கவைத்தார் என்றும், அத்தீ முன்னிலும் ஒளிர்ந்தது என்றும் பெரியபுராணம் கூறும். சாதி பிரித்தோரை இசை ஓரிடத்தில் அமர்த்திய வரலாறு இது.

பின்வந்த நூற்றாண்டுகளில் வீணை சிறப்புற்றது, யாழ் வழக்கொழிந்தது. அதனைச் செய்வாருமில்லை, இசைப்பாருமில்லை. ஏடுகளிற் பெயரும் சிற்பங்களில் உருவமும் மட்டும் எஞ்சின. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் பகுதி, கற்றோருக்கும் விளங்காத புதிராய் நின்றது. அப்பகுதியை மாணவருக்கு வெறுஞ்சொல்லாக உரைத்துக் கடந்து செல்ல அடிகளாருக்கு மனம் வரவில்லை. யாழின் வடிவம் யாது? நரம்புகள் எத்தனை? அவற்றை எவ்வாறு இசைகூட்டினர்? இவ்வினாக்களோடு அவர் ஆய்வு தொடங்கியது. இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில், 1939 முதல் 1941 வரை ஆங்கில இதழொன்றின் ஆசிரியராய் இருந்தபோதும் அவ்வாய்வு ஓயவில்லை.

கணக்கும் இசையும்

இங்கேதான் விஞ்ஞான ஆசிரியர் தமிழ்ப் பண்டிதருக்குத் துணைநின்றார். மாணவர்களே, 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு நரம்பை மீட்டுங்கள். எழும் ஒலியைக் குரல் என்க. அதே இழுவிசையில் 45 சென்ரிமீற்றரில் மீட்டினால் அக்குரலே மேல்நிலையில் ஒலிக்கும். 60 சென்ரிமீற்றரில் மீட்டினால் இளி என்னும் ஐந்தாம் சுரம் எழும். உங்கள் வயலினிலும் கிற்றாரிலும் இதனைச் செய்து பார்க்கலாம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் நம் முன்னோர் சுரங்களுக்கு இட்ட தமிழ்ப் பெயர்கள். அவற்றுள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையை இணை, கிளை, நட்பு, பகை என்று உறவுப் பெயர்களாலேயே குறித்தனர்.

ஏழு நரம்புகளை மாற்றாது, எந்த நரம்பைக் குரலாகக் கொள்வது என்பதை மட்டும் மாற்றினால் வேறொரு பாலை பிறக்கும். இதுவே பாலைத்திரிபு. பியானோவின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்து, ஒவ்வொரு முறையும் வேறு கட்டையில் தொடங்கிப் பாருங்கள். செவிக்கு வேறு வேறு சுவை தோன்றும். செம்பாலை முதலாக ஏழு பாலைகள் இவ்வாறு பெறப்பட்டன. பழந்தமிழ்ச் சொல்லை இவ்வாறு கணக்கினாலும் செவியினாலும் உரைத்துப் பார்த்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் இலக்கணத்தை அடிகளார் வகுத்தார். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் அமைந்த அந்நூலே யாழ் நூல். தேவாரப் பண்களுக்கும் அதில் ஓர் இயல் உண்டு. மட்டக்களப்பு வாவியில் நிலவுக்காலத்தில் நீருக்கடியிலிருந்து எழும் இன்னொலியையும் அவர் மறக்கவில்லை. நீரரமகளிர் பாடுவதாகக் கொண்டு அதற்கும் ஒரு பாடல் இயற்றினார். உலகறிந்த ஆய்வாளர் தம் ஊர் வாவியின் இசையையும் நூலிற் சேர்த்துக்கொண்டார்.

அரங்கேற்றம்

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார் அடிகளார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரர் இன்றித் தவித்த சம்பந்தர், பதிகம் பாடியே ஓடத்தைக் கரைசேர்த்த தலம் அது என்பர். அங்கே அடிகளாரின் ஆய்வின்படி செய்த யாழ்கள் ஊர்வலமாகக் கொணரப்பெற்றன. தஞ்சை நால்வர் மரபில் வந்த க. பொ. சிவானந்தம்பிள்ளை அவற்றை இசைக்க, பல நூற்றாண்டுகள் அடங்கியிருந்த ஓசையை மக்கள் செவியாரக் கேட்டனர். மீட்டல் என்ற சொல்லுக்கு நரம்பை இசைத்தல், இழந்ததைத் திரும்பப் பெறுதல் என இரு பொருள் உண்டு. அன்று இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

அரங்கேற்றம் முடிந்து 43ஆம் நாள், 1947 ஜூலை 19இல், கொழும்பில் அடிகளார் இறையடி சேர்ந்தார். அவர் திருமேனி கல்லடி உப்போடையில், தாம் எழுப்பிய வித்தியாலயச் சூழலில் அடக்கம் செய்யப்பெற்றது. 1982இல் அவர் பெயரால் மட்டக்களப்பில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றும் கலை பயிற்றி வருகிறது.

நாம் கொள்ளத்தக்கது

பெற்றோர்களே, நாட்டைவிட்டு வந்தபோது வீட்டையும் நிலத்தையும் நூல்களையும் விட்டுவந்தோம். பாட்டை மட்டும் எந்த எல்லையிலும் எவரும் பறித்துக்கொள்ளவில்லை. ஆனால் பாடுவாரின்றிப் போனால், யாழ் மறைந்ததுபோல அதுவும் ஒரு தலைமுறைக்குள் மறையும். பறித்தவர் யாருமின்றியே மறையும்.

தமிழில் ஒரு வசனம் பேச நாணும் பிள்ளை, பிறரோடு சேர்ந்து பாடும்போது தயக்கமின்றி அதே சொற்களை ஒலிப்பதை வகுப்பில் நாம் காண்கின்றோம். தனிமையால் வாடும் உள்ளத்துக்கு, பலர் குரலோடு தன் குரலும் கலந்து ஒலிப்பதைவிட வேறு ஆறுதல் வேண்டுமோ? ஆதலால், செலவு மிக்க அரங்கேற்றத்தோடு இசைக்கல்வியை அளந்துவிடாதீர்கள். பொருள் உள்ளவரின் பிள்ளைகள் மேடையிலும் ஏனையோர் பார்வையாளர் வரிசையிலும் இருக்கும் நிலை, திருவேட்களத்துக்கு நடந்து சென்ற அடிகளாருக்கு உவப்பானதன்று. வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பாட்டு, எல்லாக் குரலுக்கும் ஓர் இடம் என்பதே நம் நெறியாகட்டும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் பிறந்த நாடு வேறு, உங்கள் பெற்றோர் பிறந்த நாடு வேறு. குரல் எது என்பது மாறினும் நரம்புகள் ஏழும் மாறுவதில்லை என்பதைப் பாலைத்திரிபு உங்களுக்குக் கற்பிக்கும். உங்கள் வாழ்வு வேறொரு நரம்பில் தொடங்கியிருக்கிறது. அதிலிருந்தும் இனிய பண் பிறக்கும். பியானோவோ, வயலினோ, மிருதங்கமோ கற்குங்கள். அதனோடு ஒரு தமிழ்ப் பாடலையும் நெஞ்சில் இருத்துங்கள்.

வாழ்க அடிகளார் நாமம்! வளர்க முத்தமிழ்!