தரையிலே பறந்த நீலப் பெட்டி

ஆகாயத்தில் செய்யும் தவறுக்கு மன்னிப்புக் கிடையாது. அந்தத் தவறைத் தரையிலேயே செய்து திருந்திக்கொள்ள வழி கண்டவர் எட்வின் லிங்க்.

1904-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர் அவர். நியூயார்க் மாகாணத்தின் பிங்ஹாம்டன் நகரில் அவருடைய தகப்பனார் பியானோ, ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலை நடத்தி வந்தார். மகனும் அங்கேயே தொழில் கற்றார். ஆனால் மனம் என்னவோ ஆகாயத்தில்தான் இருந்தது. 1920-ல் ஐம்பது டாலர் கொடுத்து விமானப் பாடத்துக்குப் போனார். ஆசிரியர் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே ஒழிய, விசையைத் தொடக்கூட விடவில்லை. பணம் போயிற்று, கற்றது ஒன்றுமில்லை.

குறைந்த செலவில், உயிருக்கு அபாயமின்றிக் கற்க முடியாதா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. தொழிற்சாலையின் நிலவறையில் வேலை தொடங்கினார். ஆர்மோனியத்துக்குத் துருத்தி இருப்பதுபோல் ஆர்கனுக்கும் உண்டு. அந்தத் துருத்திகளின் மேல், குட்டை இறக்கைகள் கொண்ட சிறு விமானக் கூடு ஒன்றைப் பொருத்தினார். உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் துருத்தியில் காற்று ஏறி இறங்கும். கூடு நிஜ விமானம்போலவே சாயும், திரும்பும். 1929-ல் யந்திரம் தயாராயிற்று. ஆனால் ராணுவம் சீந்தவில்லை. பொருட்காட்சித் திடலில் காசு போட்டு ஏறும் விளையாட்டுச் சாமானாயிற்று அது!

1934 பிப்ரவரியில் நிலைமை மாறியது. விமானத் தபாலை ராணுவம் சுமக்கவேண்டுமென்று சர்க்கார் உத்தரவிட்டது. பனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க விமானிகளுக்குப் பழக்கமில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அதிகாரிகள் லிங்கை நியூவார்க் விமான நிலையத்துக்கு அழைத்தார்கள். அன்று கடும் மூடுபனி. அவர் வரமாட்டாரென்றே எண்ணினர். லிங்கோ கருவிகளைப் பார்த்தே விமானம் ஓட்டி வந்து இறங்கினார்! அதற்குமேல் சாட்சி எதற்கு? தலைக்கு 3,500 டாலர் விலையில் ஆறு யந்திரங்களை ராணுவம் வாங்கியது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்த நீலப் பெட்டிக்குள் பயின்றவர்கள் ஐந்து லட்சம் பேருக்கு மேல். மூடியைச் சாத்தினால் உள்ளே இருட்டு. கருவிகளின் முட்களே கண். ஆசிரியர் வெளியே மேஜையடியில் அமர்ந்து ரேடியோவில் வழி சொல்வார். தவறினால் பெட்டி சுழலுமே தவிர, உயிர் போகாது. பிற்காலத்தில் சந்திரனுக்குப் போன வீரர்களும் லிங்க் பெயர் தாங்கிய ஸ்தாபனத்தின் யந்திரங்களில்தான் பழகினார்கள்.

பிறகு லிங்கின் நாட்டம் கடலடிக்குத் திரும்பியது. அங்கேதான் விதி காத்திருந்தது. 1973-ல் அவர் உருவாக்கிய நீர்மூழ்கிக் கலம், மூழ்கிக் கிடந்த கப்பலின் சிதைவில் சிக்கியது. உள்ளே இருந்த அவர் மகன் கிளேட்டனும் ஒரு தோழரும் உயிரிழந்தனர். எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளைக் காத்தவருக்குத் தம் பிள்ளையைக் காக்க முடியவில்லை.

லிங்க் ஒடிந்து உட்காரவில்லை. கடலடியில் சிக்கும் கலங்களை மீட்க ஒரு கருவி செய்வதில் முனைந்தார். 1981-ல் அவர் மறைந்தார். இன்றும் விமானிகள் பயில்வது ஆகாயத்தில் மட்டும் அல்ல. அவர் காட்டிய வழியில், தரையில் நிற்கும் விமானத்திலும்தான்.