மோனே மீட்டெடுத்த பார்வை

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே பார்வை முழுமையாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கும் காலம் இது. அந்த எதிர்பார்ப்பு பொய்த்து வருந்துவோரைக் காணும்போதெல்லாம் பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேயின் இறுதி ஆண்டுகளை நான் நினைத்துக்கொள்கிறேன்.

1840-இல் பாரிஸில் பிறந்த மோனே, ஒளியைத் தீட்டுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். 1874-இல் அவர் காட்சிக்கு வைத்த துறைமுகச் சூரியோதய ஓவியத்தின் தலைப்பிலிருந்தே 'இம்ப்ரெஷனிசம்' என்னும் ஓவிய இயக்கம் பெயர் பெற்றது. 1883-இல் ஜிவர்னி கிராமத்தில் குடியேறினார். அங்கு அமைத்த அல்லிக்குளமே அவரது பிற்கால ஓவியங்களின் களமாயிற்று.

1911-இல் மனைவி ஆலிஸ் மறைந்தார். மறு ஆண்டே மோனேயின் இரு கண்களிலும் புரை கண்டறியப்பட்டது. 1914-இல் மூத்த மகனையும் இழந்தார். அறுவைக்கு அஞ்சிப் பத்தாண்டுகள் தள்ளிப்போட்டார். மஞ்சளித்த விழிலென்ஸ் நீலத்தை மறைத்தது. ஓவியங்களில் செம்மையும் பழுப்பும் ஏறின. வண்ணக் குழாய்களின் பெயரைப் பார்த்தே நிறத்தைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. முதல் உலகப் போரின் முடிவையொட்டி நாட்டுக்கு அளிக்க முன்வந்த அல்லி ஓவியங்கள் முற்றுப்பெறாமல் நின்றன.

மருத்துவரும் முன்னாள் பிரதமருமான நண்பர் கிளெமான்சோ வற்புறுத்தவே, 1923 ஜனவரியில், 82-ஆம் வயதில், வலக்கண் அறுவைக்கு இசைந்தார். ஜூலையில் மீண்டும் ஓர் அறுவை தேவைப்பட்டது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் 1949-இல்தான் வந்தது. எனவே தடித்த கண்ணாடியே துணை. உருவங்கள் வளைந்தன, உலகம் மஞ்சளாகவும், பின்னர் நீலமாகவும் தோன்றியது. மனமுடைந்த மோனே இடக்கண் அறுவைக்கு உடன்படவே இல்லை. கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, 1925-இல்தான் ஓரளவு நிறைவு கண்டார். 1926 டிசம்பர் 5-இல் மறைந்தார். மறு ஆண்டு, அந்த அல்லி ஓவியங்கள் பாரிஸின் ஒராஞ்செரி அரங்கில் மக்கள் பார்வைக்கு வந்தன.

இன்று அறுவை சில நிமிடங்களில் முடிகிறது. ஆயினும், கருவிழி ஓரத்தில் இடும் கீறல் நுண்ணரம்புகளைத் துண்டிக்கிறது. கண்ணீர்ப் படலம் குலைந்து, வறட்சியும் உறுத்தலும் மங்கலும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்களுக்கும் இந்த இடர் மிகுதி. கடும் வறட்சிக்கு, நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை உப்புநீரில் கலந்து சொட்டு மருந்தாகத் தருகின்றனர். கண்ணீரில் உள்ள வைட்டமின் ஏ, வளர்ச்சிக் காரணிகள் அதிலும் உண்டு. கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை விரைந்து தெளியவும் அது உதவுமா என்று ஆராயப்படுகிறது. கெடாமல் காக்கும் வேதிப்பொருள் அதில் இல்லை. தூய முறையில் தயாரித்துக் குளிரில் வைத்தாக வேண்டும். ஆகவே, அது எல்லோருக்கும் எளிதில் கிட்டுவதன்று.

அறுவைகளின் எண்ணிக்கையைக் கொண்டே கண் மருத்துவச் சேவையை அளவிடுவது போதாது என்பதே என் கருத்து. அறுவைக்கு முன் கண்ணீரின் தன்மையைச் சோதிப்பதும், பின்னர் நோயாளியைத் தொடர்ந்து வரவழைத்துப் பார்ப்பதும் சிகிச்சையின் பாதி. மோனேயின் பார்வையை அறுவை மட்டும் மீட்டுவிடவில்லை. அதன்பின் வந்த இரண்டாண்டுப் பொறுமையும் கவனிப்பும் சேர்ந்தே மீட்டன.