ஒளியை ஆண்ட கிரெக் டோலண்ட்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். நாயகன் பெயர் தெரியும், நாயகி பெயர் தெரியும். இயக்கியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர் வரை மனப்பாடமாக ஒப்பிப்போம். அந்தப் படத்தை நம் கண்ணுக்குக் காட்டியவர் யார் என்று கேட்டால் மட்டும் விழிப்போம். ஒளிப்பதிவாளர் என்ற சொல் நம்மில் பலருக்கு எழுத்தோட்டத்தில் வேகமாக ஓடி மறையும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை ஒருமுறை நிறுத்தி வைத்தவர் கிரெக் டோலண்ட் என்ற அமெரிக்கர். அவருடைய வாழ்க்கையையும், ஒரே கதையை அவர் இரண்டு முறை படமாக்க நேர்ந்ததையும் இங்கே சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ்டன் என்ற சிற்றூரில் 1904ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டோலண்ட் பிறந்தார். 1910இல் தாயும் தந்தையும் மணவிலக்குப் பெற்றனர். சில ஆண்டுகளில் தாய் மகனுடன் கலிபோர்னியா சென்றார். வீட்டுப் பணியாளராக உழைத்து மகனை வளர்த்த தாய் அவர். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிள்ளையை ஆளாக்கும் தாய்மார்கள் கலிபோர்னியாவில் மட்டுமா இருக்கிறார்கள்? இம்மலரைப் படிக்கும் நண்பர்களுள் எத்தனையோ பேருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து வயதில் டோலண்ட் ஃபாக்ஸ் படநிறுவனத்தில் அலுவலகப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஓராண்டுக்குள் ஒளிப்பதிவு உதவியாளரானார். பிறகு ஜார்ஜ் பார்ன்ஸ் என்ற தேர்ந்த ஒளிப்பதிவாளரிடம் பயின்று, அவர் வழியே சாமுவேல் கோல்ட்வின் என்ற தயாரிப்பாளரின் நிறுவனத்துக்கு வந்தார். கோல்ட்வினும் ஏழ்மையில் பிறந்தவரே. போலந்து நாட்டு வார்சாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கையுறை விற்று முன்னேறியவர். இருவருடைய உறவும் டோலண்டின் இறுதிவரை நீடித்தது.

அப்போது படங்கள் பேசத் தொடங்கிய காலம். ஒலிவாங்கி வந்தவுடன் ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்தே வந்தது. படக்கருவி ஓடும் சத்தத்தையும் ஒலிவாங்கி பதிந்துவிடும். அதனால் கருவியையும் அதை இயக்குபவரையும் ஓர் அறைக்குள் அடைத்துக் கண்ணாடி வழியே படமெடுத்தார்கள். கருவி நகர முடியாது. நடிகர்கள் நட்டுவைத்த மரம்போல் நின்று பேச வேண்டும். சத்தத்தை அடக்கி, அதேசமயம் கருவியை நகரவும் விடும் உறை ஒன்றை டோலண்ட் உருவாக்கினார். பட்டம் பெறாத ஓர் இளைஞரின் கைவேலை அது! 1931இல், இருபத்தேழாம் வயதில், தனிப் பொறுப்பில் ஒளிப்பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். அந்நாளில் ஹாலிவுட்டில் அவ்வயதில் அப்பொறுப்பு அரிது.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் பெயர் வளர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வில்லியம் வைலர் இயக்கிய ‘வூதரிங் ஹைட்ஸ்’ (1939) படத்துக்காகக் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான அகாதமி விருதைப் பெற்றார். ஜான் ஃபோர்டு இயக்கிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1940) படத்தில், நிலம் இழந்து ஊரைவிட்டு ஓடும் உழவர் குடும்பத்தைப் பூச்சு இல்லாமல், அலங்காரம் இல்லாமல் காட்டினார்.

இனி அவருடைய பெருஞ்சாதனைக்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் ஒளியியல் வேண்டும். கலைப் பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க.

வில்லை ஒன்றை வைத்து ஒரு பொருளைக் குவியப்படுத்தினால், அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பவை மட்டுமே தெளிவாகத் தெரியும். மற்றவை மங்கிப்போகும். இந்தத் தெளிவின் ஆழத்தைக் கூட்ட இரு வழிகள் உண்டு. குவியத் தொலைவு குறைந்த வில்லையைப் பொருத்தலாம். அல்லது ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கலாம். ஆனால் துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தைக் கால் பங்காக்கினால் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். ஆழம் வேண்டுமென்றால் அதற்கு விலையாக ஒளியைக் கொடுத்தே ஆக வேண்டும். நம் ஆய்வகத்தில் ஒளியியல் மேசை முன் குனிந்து திரையில் பிம்பம் தேடியவர்கள் எவரும் இதைக் கையால் உணர்ந்திருப்பார்கள்.

டோலண்ட் அந்த விலையைக் கொடுக்க நான்கு புறமிருந்தும் ஒளி திரட்டினார். 1938இல் கோடக் நிறுவனம் கொணர்ந்த வேகமான சூப்பர் எக்ஸ் எக்ஸ் படச்சுருளைப் பயன்படுத்தினார். கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியை எதிரொளித்து வீணாக்கும். பல வில்லைகள் அடுக்கிய கருவியில் இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும். அதைத் தடுக்க மென்படலம் பூசிய வில்லைகளைத் தேடிப் பெற்றார். (மென்படலக் குறுக்கீட்டு விளைவைத் தேர்வுக்காக மட்டும் படிக்கிறோமே, அது இங்கேதான் வேலை செய்கிறது.) மூன்றாவதாக, வண்ணப்படங்களுக்கென்று செய்யப்பட்டிருந்த வலிமைமிக்க வில்விளக்குகளைக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கொண்டுவந்தார். வண்ணத்துக்குரிய வெளிச்சத்தை வாங்கி அவர் ஆழத்துக்குச் செலவிட்டார். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940இல் இருபத்தைந்தே வயதான ஆர்சன் வெல்ஸ் தம் முதல் திரைப்படத்தைத் தொடங்க இருந்தார். மேடையும் வானொலியும் அறிந்த அவருக்குத் திரைப்படம் புதிது. டோலண்ட் தாமாகவே சென்று அவருடன் பணியாற்ற விரும்புவதாகக் கூறினார். எதுவும் தெரியாத ஒருவருடன் வேலை செய்தால்தான் புதியன கற்கலாம் என்பது அவர் எண்ணம். படக்கருவியைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சில மணி நேரத்தில் கற்பித்துவிடலாம் என்று அவர் சொன்னதாக வெல்ஸ் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தொழில் இரகசியம் என்று பொத்தி வைப்பவர்களிடையே இப்படியும் ஒருவர்!

அப்படம் ‘சிட்டிசன் கேன்’ (1941). ஒரு காட்சியைச் சொல்கிறேன். வீட்டுக்குள் முன்புறம் தாய் அமர்ந்து, மகனை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையொப்பமிடப் போகிறாள். பின்னால் தந்தை தடுமாறி நிற்கிறார். அவர்களுக்கும் அப்பால் ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே, பனியில், ஒன்றும் அறியாத சிறுவன் விளையாடிக்கொண்டிருக்கிறான். எல்லாமே தெளிவாக, ஒரே சட்டத்துக்குள். எங்கே பார்ப்பது என்பதை நம் கண்ணே முடிவு செய்கிறது. கேமராவைத் தாழ்வாக வைக்கத் தரையைத் தோண்டினார்கள். அறைக்கு மேல் துணிக்கூரை விரித்து, ஒலிவாங்கிகளை அதற்கு மேலே மறைத்தார்கள். எல்லா ஆழமும் ஒரே எடுப்பில் வந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். சில காட்சிகளில் ஒரே சுருளில் இருமுறை பதிந்தும், ஆய்வகத்தில் பிம்பங்களை இணைத்தும் ஆழத்தை உண்டாக்கினார்கள். படத்தின் எழுத்தில் வெல்ஸ் தம் பெயருக்குரிய அட்டையிலேயே டோலண்டின் பெயரையும் போடச் செய்தார். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே அட்டையில்! ஆயினும் அவ்வாண்டு ஒளிப்பதிவு விருது வேறு படத்துக்குப் போயிற்று.

அதே 1941இல்தான் ‘பால் ஆஃப் ஃபயர்’ வந்தது. ஹவர்டு ஹாக்ஸ் இயக்கம், சார்ல்ஸ் பிராக்கெட், பில்லி வைல்டர் திரைக்கதை, கோல்ட்வின் தயாரிப்பு. அந்நாள் அமெரிக்காவில் ‘ஸ்க்ரூபால்’ என்றொரு வகை நகைச்சுவைப் படம் செல்வாக்குப் பெற்றிருந்தது. துடுக்கான பெண், அவளிடம் சிக்கித் திணறும் ஆண், மூச்சுவிடாத பேச்சு, தலைகீழாகும் மரியாதைகள், இவையே அதன் இலக்கணம். இந்தப் படத்தில் எட்டுப் பேராசிரியர்கள் ஒரு வீட்டில் அடைந்து கிடந்து பல ஆண்டுகளாகக் கலைக்களஞ்சியம் எழுதுகிறார்கள். ஏழு பேர் முதியவர்கள். எட்டாமவர் இளைஞர், மொழி வல்லுநர் (கேரி கூப்பர்). தெருப்பேச்சைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரை காலாவதியாகிவிட்டதை உணர்ந்து ஊருக்குள் புறப்படுகிறார். இரவு விடுதிப் பாடகி ஒருத்தி (பார்பரா ஸ்டான்விக்) காவல்துறைக்குத் தப்பி இந்தப் பேராசிரியர்கள் வீட்டுக்குள் வந்து புகுகிறாள். அப்புறம் கலைக்களஞ்சியம் எங்கே நகரும்? நம் பேராசிரியப் பெருமக்கள் சினம் கொள்ளாமல் பார்க்க வேண்டிய படம்.

நகைச்சுவைக்கு ஆழம் எதற்கு என்று கேட்கலாம். எட்டுப் பேர் ஓர் அறையில் இருக்கும்போது ஒருத்தி ஒரு சொல் சொல்கிறாள். சிரிப்பு அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. அதைக் கேட்டு முன்வரிசைக் கிழவர் புருவம் உயர்த்துவதிலும், பின்வரிசைக் கிழவர் கழுத்தை நீட்டுவதிலும் இருக்கிறது. பின்வரிசை மங்கிப்போனால் பாதிச் சிரிப்பு போயிற்று. இன்னொரு காட்சியில் இருட்டில் ஸ்டான்விக்கின் கண்கள் மட்டுமே ஒளிர வேண்டுமென்று ஹாக்ஸ் விரும்பினாராம். கண்ணுக்கு வெளிச்சம் காட்டினால் முகமும் தெரியுமே, என்ன செய்வது? முகத்துக்குக் கறுப்பு மை பூசிவிடலாம் என்று டோலண்ட் எளிதாக வழி சொன்னதாக ஹாக்ஸ் கூறியிருக்கிறார்.

பிறகு போர் வந்தது. டோலண்ட் கடற்படையில் சேர்ந்து, ஜான் ஃபோர்டின் படப்பிரிவில் பணியாற்றினார். பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பற்றிய ‘டிசம்பர் 7’ என்ற படத்தை அவரே முன்னின்று எடுத்தார். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேற்பட்ட அப்படத்தை மேலிடம் விரும்பவில்லை. அரை மணி நேரச் சொச்சமாக வெட்டப்பட்டு 1943இல் வெளிவந்த வடிவம் ஆவணக் குறும்படத்துக்கான அகாதமி விருதைப் பெற்றது.

போருக்குப் பின் வைலர் இயக்கிய ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946). போரில் இரு கைகளையும் இழந்த இளைஞன் இரும்புக் கொக்கிகளால் பியானோ வாசிப்பது முன்புறம். அறையின் கடைக்கோடியில், தொலைபேசிக் கூண்டுக்குள் நண்பன் ஒருவன் காதலைத் துறந்துகொண்டிருப்பது பின்புறம். இசை ஒருபக்கம், துயரம் ஒருபக்கம். இரண்டுமே தெளிவாகத் தெரிகின்றன. ஏழு அகாதமி விருதுகளைப் பெற்ற அப்படத்துக்கு ஒளிப்பதிவுக்கான பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர்.

இந்தக் காலத்தில் கோல்ட்வினுக்கு வண்ணத்தின் மீது ஆசை பெருகியது. ஹெரால்டு லாயிட் நடித்த ‘தி மில்கி வே’ (1936) என்ற நகைச்சுவைப் படத்தை, டேனி கேயை வைத்து ‘தி கிட் ஃப்ரம் புரூக்ளின்’ (1946) என்று டெக்னிகலரில் மீண்டும் எடுத்தார். ஒளிப்பதிவு டோலண்ட். அடுத்து ‘பால் ஆஃப் ஃபயர்’ படத்தையே வண்ணத்தில் எடுக்க முடிவு செய்தார். பெயர் ‘எ சாங் இஸ் பார்ன்’ (1948). இயக்குநர் அதே ஹாக்ஸ், ஒளிப்பதிவாளர் அதே டோலண்ட். கூப்பர் இடத்தில் டேனி கே, ஸ்டான்விக் இடத்தில் வர்ஜீனியா மேயோ. மொழி போய் இசை வந்தது. பேராசிரியர்கள் இசைக் களஞ்சியம் தொகுக்கிறார்கள், வெளியே ஜாஸ் பிறந்திருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஹாக்ஸ் பணத்துக்காகவே ஒப்புக்கொண்டதாகப் பின்னர் ஒளிக்காமல் சொன்னார். டோலண்ட் மாதச் சம்பளக்காரர். அவரிடம் யார் விருப்பம் கேட்டார்கள்?

டெக்னிகலர் கருவி அன்று எப்படி வேலை செய்தது? வில்லைக்குப் பின்னே ஒரு முப்பட்டக அமைப்பு இருந்தது. அது உள்ளே வரும் ஒளியைப் பிரித்து மூன்று படச்சுருள்களுக்கு அனுப்பும். ஒன்று பச்சைக்கு, மற்ற இரண்டும் சிவப்புக்கும் நீலத்துக்கும். ஒளி பங்கு போடப்பட்டு, வடிகட்டிகளிலும் இழக்கப்பட்டு, ஒவ்வொரு சுருளுக்கும் கொஞ்சமே போய்ச் சேரும். எனவே துளையை அகலத் திறந்தாக வேண்டும். வில்லைக்கும் சுருளுக்கும் நடுவே முப்பட்டகம் இடத்தை அடைத்துக்கொள்வதால், குவியத் தொலைவு மிகக் குறைந்த வில்லைகளைப் பொருத்துவதும் கடினம். ஆழத்துக்குரிய இரண்டு வழிகளும் ஒருசேர அடைபட்டன! வண்ணத்துக்குரிய விளக்கை வாங்கி ஆழத்துக்குச் செலவிட்டவரிடமிருந்து வண்ணம் தன் விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போதாததற்கு, கருவியை டெக்னிகலர் நிறுவனம் விற்பதில்லை, வாடகைக்கே விடும். உடன் தன் ஆட்களையும் அனுப்பும்.

இரண்டு படங்களையும் கைப்பேசியில் அடுத்தடுத்துப் பார்த்தேன். சிறிய திரைதான். ஆனாலும் வேறுபாடு தெரிகிறது. முதற்படத்து வீட்டில் மூலைகள் உண்டு, நிழல்கள் உண்டு, கிழவர்கள் நிழலிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டாவதில் எங்கும் ஒரே சீரான வெளிச்சம். வீடு கடை வாசலில் அடுக்கிய பொம்மை வீடுபோல் இருக்கிறது. நேர்மையாகச் சொல்வதானால் இசைக் காட்சிகளில் வண்ணப்படம் தோற்கவில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன், டாமி டார்சி ஆகியோர் சேர்ந்து வாசிக்க, பென்னி குட்மன் பேராசிரியர் வேடத்தில் கிளாரினெட்டோடு கலந்துகொள்ளும்போது எந்தக் குறையும் மறந்துபோகிறது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து வாசிப்பதை அந்நாளில் வண்ணத்தில் பதிந்து வைத்தது சிறு செயலன்று. ஆனால் வாத்தியம் ஓய்ந்து கதை தொடங்கினால் என் கண் முதற்படத்தின் மூலைகளைத் தேடுகிறது.

மூன்று சுருள் வேண்டாமல் ஒரே சுருளில் வண்ணம் பதியும் ஈஸ்ட்மன் கலர் 1950இல் வந்தது. முப்பட்டகக் கருவி சில ஆண்டுகளில் காட்சிப்பொருளாயிற்று. வண்ணத்திலும் ஆழம் தேடும் வாய்ப்பு மெல்லத் திறந்தது. டோலண்ட் அதைப் பார்க்க இல்லை. 1948 செப்டம்பர் 28ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 44. ‘எ சாங் இஸ் பார்ன்’ அடுத்த மாதம் வெளிவந்தது. அவர் கடைசியாக ஒளிப்பதிவு செய்த ‘என்சான்ட்மென்ட்’ அவ்வாண்டு டிசம்பரில் திரைக்கு வந்தது. அது கறுப்பு வெள்ளைப் படம்.