சீகன்பால்கு: ஓதலும் ஒழுகலும்

நாள்தோறும் திருமறையை ஓதுவோர் பலர். ஓதியதை வாழ்ந்து காட்டுவோர் சிலர். அச்சிலருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. இவர் 1682ஆம் ஆண்டு செருமனி நாட்டின் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். விவிலியத்தை அன்றாடம் ஆழ்ந்து எண்ணி, அதன்வழி நடப்பதே சமயவாழ்வு என்னும் நெறி, ஹாலே நகரில் பயின்றபோது அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

டென்மார்க்கு மன்னர் அனுப்ப, 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1707இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதமே சோதனை வந்தது. கடன் வழக்கொன்றில் ஏழைக் கைம்பெண் ஒருவருக்காகப் பரிந்து பேசினார். அதனால் டேனியக் கோட்டைத் தலைவரின் சினத்திற்கு ஆளாகி, நான்கு திங்கள் சிறையிருந்தார். கைம்பெண்ணுக்கு இரங்குக என்னும் மறையின் அறத்தை அவர் ஏட்டளவில் விட்டுவிடவில்லை.

விடுதலைக்குப்பின் பணியைத் தொடர்ந்து, 1711இல் மொழிபெயர்ப்பை நிறைவுசெய்தார். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் அகவையில் சீகன்பால்கு மறைந்தார். அதற்குள் பழைய ஏற்பாட்டில் ரூத்து என்னும் நூல்வரை தமிழாக்கியிருந்தார். அந்நூலும் ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கதையே.