ஒரு டெசிகிராம் ரேடியம்

நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருப்பது தெரிந்ததுதான். அந்தத் தோரியம் கதிர் வீசும் என்று 1898 ஏப்ரலில் எழுதியவர் மேரி கியூரி. ஜெர்மனியின் ஷ்மிட் அதை முன்பே சொல்லிவிட்டார். பாவம், அம்மையாருக்குத் தெரியாது.

1867-ல் வார்சாவில் பிறந்தவர். அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காசு சேர்த்து 1891-ல் பாரிஸ் போனார்.

அகாதமியில் அவர் உறுப்பினர் இல்லை. கட்டுரையை ஆசிரியர் லிப்மன்தான் சமர்ப்பித்தார். அதில் ஒரு அளவு: பிட்ச்பிளெண்டு தாது, யுரேனியத்தைவிட அதிகமாகக் கதிர் வீசுகிறது! நாமாக இருந்தால் மீட்டர் கோளாறு என்று ரீடிங்கை அடித்துவிட்டிருப்போம். அவர் திரும்பத் திரும்ப அளந்தார். உள்ளே புதுத் தனிமம் ஒளிந்திருக்கிறது என்று பிடித்தார். கணவர் பியருடன் ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம்.

எடை சொல்லாமல் வேதியியலார் ஒப்புவார்களா? மழை ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுக்கழிவைக் காய்ச்சினார். 1902-ல் கிடைத்தது ஒரு டெசிகிராம் ரேடியம் குளோரைடு. அணு எடை 225 என்றார். இன்றைய கணக்கு 226.

நோபல் இரண்டு முறை, 1903, 1911. கதிர் ரத்தத்தைக் கெடுத்து 1934-ல் இறந்தார். அவருடைய ரெக்கார்டு நோட்டுகள் இன்னும் கதிர் வீசுகின்றன. பாரிஸ் நூலகத்தில் ஈயப் பெட்டிக்குள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பார்க்கணும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், தாமல்