கல்லில் காலம் கண்ட பூட்

நாட்டின் வரலாற்றை அறிய ஓலைச்சுவடியும் செப்பேடும் கல்வெட்டும் துணை செய்யும். எழுத்தே தோன்றாத காலத்தில் வாழ்ந்த மக்களின் வரலாற்றை எதனைக் கொண்டு அறிவது? அவர்கள் உடைத்துச் செதுக்கிப் பயன்கொண்டு எறிந்த கற்களே அவர்தம் ஏடுகள். இந்தியாவின் பழைய கற்காலத்து ஏட்டை முதன்முதல் படித்தறிந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர் ஆவர்.

பூட், 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செல்டனாம் என்னும் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறைகளின் வகையையும் அவை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குண்டு கிடக்கும் முறையையும் ஆராய்ந்து வரைபடம் வகுத்தல் அவரது அலுவல். பழம்பொருள் தேடுதல் அவ்வலுவலில் அடங்கியதன்று. ஆயினும் அந்நாளில் ஐரோப்பாவில் எழுந்த ஒரு செய்தி அவர் உள்ளத்திற் பதிந்திருந்தது. பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரையில், அழிந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் ஒரே மண்ணடுக்கிற் கிடைத்தன என்பதே அச்செய்தி. மனித குலத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்றிருந்த நம்பிக்கை அதனால் ஆட்டங்கண்டது.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படைவீரர் அணிவகுப்புத் திடலருகே பரல்மண் தோண்டிய குழியொன்றைப் பூட் கண்டார். அம்மண்ணிற் கிடந்த கல் ஒன்று அவர் கண்ணை ஈர்த்தது. இயற்கையாய் உடைந்த கல்லுக்கு ஒழுங்கில்லை. ஆற்றில் உருண்ட கல்லுக்கு விளிம்பில்லை. இக்கல்லோ இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பெற்று, கூரிய விளிம்பும் கைக்கு அடங்கிய அடியும் உடையதாய் இருந்தது. அது கைக்கோடரி என்று தெளிந்தார். அப்போது அவருக்கு வயது 28. அவ்வழியே நாள்தோறும் நடந்தோர் எத்துணையர்! கண்டவர் அவர் ஒருவரே.

அவ்வாண்டு செப்டம்பரில் தம் துறைத் தோழர் வில்லியம் கிங் என்பாருடன் கொசத்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திற்குச் சென்றார். அங்கே கற்கருவிகள் மிகுதியாய்க் கிடைத்தன. நிலத்தின்மேற் கிடக்கும் கல் எவராலும் எப்போதும் கொணர்ந்து போடப்பட்டதாகலாம். செம்புரைக்கல் அடுக்கினுள்ளே பதிந்து கிடக்கும் கல்லோ, அவ்வடுக்குப் படிந்த காலத்ததாகவோ அதனினும் பழையதாகவோ இருத்தல் வேண்டும். நிலநூல் வல்ல பூட் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். ஆதலின் கல்லை மட்டும் எடுத்துச் செல்லாது, அது கிடந்த இடத்தையும் அடுக்கையும் குறித்துக்கொண்டார். 1884இல் கர்நூல் பகுதிக் குகைகளில் நிகழ்ந்த அகழ்வில் அவர்தம் மைந்தரும் துணைநின்றார். விலங்குகளின் எலும்புகள் ஆங்கே பலவாய் வெளிப்பட்டன.

பூட்டின் வாழ்வு சேர்வராயன் மலையோடு பிணைந்தது. அவர் மணந்த நங்கை பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். அப்பெர்சிவல் யார்? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர். முதுமையில் அவர் ஏற்காட்டில் வாழ்ந்து 1882இல் அங்கேயே மறைந்தார். மாமனார் தமிழ்ச் சொற்களைத் திரட்டினார். மருமகனார் தமிழகத்துக் கற்களைத் திரட்டினார். 1891இல் ஓய்வு பெற்ற பூட், பரோடா, மைசூர் அரசுகளுக்கும் நிலவியற் பணி புரிந்து, ஏற்காட்டையே தம் உறைவிடமாகக் கொண்டார்.

சேர்வராயன் மலையிற் கிடைத்த கருவிகள் பல்லாவரத்துக் கருவி போன்றவை அல்ல. தேய்த்து வழவழப்பாக்கப்பெற்ற புதிய கற்காலக் கோடரிகள் அவை. மலைச் சிற்றூர்க் கோயில்களில் மக்கள் அவற்றைத் திரட்டி வைத்து வழிபட்டு வந்தனர். இவ்விரு வகைக் கருவிகளுக்கும் இடையே எத்துணைக் காலம் கழிந்தது? குசராத்தில் சாபர்மதி ஆற்றங்கரை இதற்கு ஒருவாறு விடையளித்தது. அடியிலுள்ள கூழாங்கல் அடுக்கிற் பழைய கருவிகளும், அதன்மேற் பெருங்கனமாய்ப் படிந்த மண்ணின் உச்சியிற் புதிய கற்காலப் பொருள்களும் இருக்கக் கண்டார். அம்மண் படிவதற்கு நெடுங்காலம் சென்றிருத்தல் வேண்டுமன்றோ? எது முந்தியது, எது பிந்தியது என்று பூட் கூறினார். ஆண்டுக் கணக்கை அளந்து கூறும் கருவி அந்நாளில் எவரிடத்தும் இல்லை.

400க்கும் மேற்பட்ட இடங்களில் அவர் திரட்டிய பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைகொடுத்துப் பெற்றது. அவற்றின் விளக்கப் பட்டியல் அவர் மறைந்த பின்னரே, 1914இலும் 1916இலும் வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். அவரது சாம்பல் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

பூட் குறித்துவைத்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1999 முதல் அகழாய்ந்தனர். விண்ணிலிருந்து வரும் நுண்கதிர்கள் நிலத்தின்மேற் கிடக்கும் கல்லினுள் சில தனிவகை அணுக்களை உண்டாக்கும். கல் மண்ணுள் ஆழப் புதைந்தபின் அவ்வணுக்கள் வெவ்வேறு விரைவிற் சிதையும். எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டால் கல் புதைந்த காலம் புலனாகும். இம்முறையால் அங்குள்ள பழங்கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011இல் தெரியவந்தது. மேலடுக்கிலுள்ள சிறிய, நுட்பமான கருவிகளின் காலத்தை, மணற்பரல்களில் தேங்கிய ஆற்றலை ஒளியாக வெளிப்படுத்தி அளந்தனர். அவை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன் தொடங்கின என 2018இல் அறிவித்தனர்.

இவ்வளவு பழைமை அறிஞரை வியப்பிலாழ்த்தியது. ஆப்பிரிக்காவினின்று நம்மையொத்த மனிதர் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகட்கு முன்னரோ அதற்குப் பின்னரோ இந்தியாவிற்கு வந்தபோதே இந்நுட்பமும் உடன்வந்தது என்று பலர் கருதியிருந்தனர். மொராக்கோ நாட்டிற் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளின் வயதே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள்தாம். எனவே அத்திரம்பாக்கத்துக் கருவிகளைச் செய்தோர் வேறொரு பழைய மனித இனத்தவரோ, நாம் எண்ணியதற்கும் முன்னரே புறப்பட்டு வந்தவரோ என்பதைக் கருவிகளை மட்டும் கொண்டு துணிதல் இயலாது, எலும்பு வேண்டும். நருமதைக் கரையில் அத்னோரா என்னுமிடத்தில் 1982இல் கண்டெடுத்த மண்டையோடு நம்மையொத்தவருடையது அன்று. இலங்கையிற் பாகியன் குகையிற் கிடைத்த எலும்புகள் நம்மவருடையவையே. ஆயின் அவை 30,000 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டவையே. அத்திரம்பாக்கத்து அகழாய்வில் விலங்குகளின் பற்களும் அடிச்சுவடுகளும் வெளிப்பட்டன. மனித எலும்பு கிடைத்திலது.